ஆவி அடங்கட்டும்

நெடுவழிப் பயணத்தில் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை முடிவு செய்வது ஓட்டுநர் அல்ல, அடுக்களை. “நாலு மணிக்கெல்லாம் எடுத்துட்டா வெயில் ஏறுறதுக்குள்ள சேலம் தாண்டிரலாம்க்கா” என்று அவர் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருப்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் புளிச்சோற்றுக்காகத் தாம்பாளத்தில் பரப்பிய சோற்றிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருக்கும். அவசரப்பட்டுச் சூட்டோடு அள்ளி அடைத்தால் மூடியின் உட்புறம் வேர்க்கும். அந்த நீர் சோற்றிலேயே சொட்டி, உச்சிப்பொழுதுக்குள் ஊசிப்போகும். “மதினி, மூடிராதீங்க. ஆவி அடங்கட்டும்.” எங்கள் வீட்டில் பயணம் தொடங்கிவிட்டதற்கு அடையாளம் இந்தக் குரல்தான். பிள்ளைகள் அப்போது தூக்கத்தில் இருப்பார்கள்.

கோடை விடுமுறையில் சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வேன்கள் வடக்கே கிளம்பும். பெங்களூரை அடுத்த பிடதியில் 2005இல் வொண்டர்லா வந்தபிறகு அந்தத் திசைக்கு ஒரு தனி ஈர்ப்பு. அதற்கு முன்பு கேளிக்கைப் பூங்கா என்றால் சென்னைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., தாம்பரம் பக்கம் நவோதயா அப்பச்சன் தொடங்கிய கிஷ்கிந்தா. கோவைப் பக்கத்தவர்களுக்கு மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர். இப்போது மதுரைக்கு அருகிலேயே பரவையில் ஒன்று இருக்கிறது. என்றாலும் பிள்ளைகள் தூரத்தில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பிடதி 500 கிலோமீட்டருக்கு மேல். மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நான்குவழிச்சாலை நீண்டுகொண்டே போகும். ராட்டினத்தில் பிள்ளை சுற்றும் நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறுமா என்பது சந்தேகம். வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரமோ போகவர இருபது மணிக்குக் குறையாது. அந்த இருபது மணி நேரத்துக்கும் ஒருத்தி முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள். அவள் யோசித்ததைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

“எல்லாந்தான் வழியில கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?” என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். கிடைக்கத்தான் செய்கிறது. மதுரை தாண்டினால் ஓசூர் வரை சாலையின் இரு பக்கமும் உணவகங்கள், கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள், பித்தளை டபரா செட். வண்டி நிறைய ஆள்கள் இறங்கி உட்கார்ந்து, ஆளுக்கொன்று சொல்லி, வந்து சேர்ந்து, சாப்பிட்டு எழுந்தால் ஒரு மணி நேரமும் ஒரு கட்டுப் பணமும் போய்விடும். பணம் போகட்டும். பல் கட்டிய ஆச்சிக்கு அந்த மெனு அட்டையில் எதுவும் இல்லை. எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போடுகிற மாமா எட்டேகாலுக்குள் சாப்பிட்டாக வேண்டும்; அடுத்த நல்ல உணவகம் நாற்பது கிலோமீட்டரில் என்று பலகை சொன்னால் அவர் உடம்பு கேட்டுக்கொள்ளாது. மூன்று வயதுக்காரி இட்லியைத் தவிர எதையும் தொடமாட்டாள், அதுவும் வீட்டு இட்லி. அவள் அண்ணனுக்கு ஜன்னலோரம் இல்லையென்றால் குமட்டும். மாசமாக இருக்கிற தங்கச்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கொருமுறை வாயில் ஏதாவது போட வேண்டும், ஆனால் எண்ணெய் வாடை ஆகாது. இத்தனையையும் எந்தத் தாளிலும் யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. பொட்டலம் கட்டுகிறவளின் தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த ஊரைத் தாண்டும்போது யாருக்குப் பசிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பசிக்கிறவர்களுக்கே அது அப்போது தெரியாது.

புளிச்சோற்றை எடுத்துக்கொள்வோம். இதைவிடத் தேர்ந்த வழிச்சோறு நம்மிடம் இல்லை. புளியைக் கெட்டியாகக் கரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, பச்சை வாடை போய், சுண்டி, நல்லெண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும் வரை கொதிக்க விடவேண்டும். இது முந்தின நாள் மாலை வேலை. வெந்தயமும் மிளகாயும் மல்லியும் எள்ளும் வறுத்துப் பொடித்துத் தனியாக இருக்கும். விடியுமுன் சோறு வடித்து, அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, பருக்கை உடையாமல் கரண்டிக் காம்பால் கிளறி, மேலே எண்ணெய் விட்டு விசிறுவார்கள். சூடு நன்றாகத் தணிந்தபின் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துவிடும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. புளியின் அமிலம் அதைப் பெருகவிடாமல் அடக்குகிறது. பரப்பி ஆறவைப்பது அந்த வெதுவெதுப்பான நேரத்தைக் குறைக்கிறது. சுண்டக் காய்ச்சியதில் நீர் போய்விடுகிறது. பாக்டீரியாவின் பெயர் எங்கள் பெரியம்மாவுக்குத் தெரியாது. “கை ஈரத்தோட தொடாதே” என்று அவள் சொன்னதில் அந்தப் பாடம் முழுக்க இருந்தது.

தயிர்ச்சோறு வேறு கணக்கு. அதில் நேரத்தைக் கணக்கிட்டே பிசையவேண்டும். நண்பகலில் சாப்பிடப் போகிற சோற்றுக்கு விடியற்காலையில் தயிரை ஊற்றினால் மே மாத வெயிலில் அது வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும். அதனால் சோற்றைக் குழைய விட்டு, சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றி, ஆறியபின் ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவார்கள். வண்டி ஓட ஓட அது உள்ளே தோய்கிறது. நாமக்கல்லில் அது பால்சோறு, தர்மபுரியில் பாதித் தயிர். கிருஷ்ணகிரியில் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது சரியான பதத்தில் தயிர்ச்சோறாக இருக்கும். எங்கே நிறுத்தப்போகிறோம் என்று தெரியாமல் இதைப் பிசைய முடியாது. அதனால்தான் ஓட்டுநரிடம் வழி கேட்பதில் வீட்டு ஆண்களைவிடப் பெண்களுக்கு அக்கறை அதிகம். “தம்பி, மத்தியானம் எந்த ஊர்ல இருப்போம்?” என்று கேட்டுவிட்டுத்தான் பாலை அளப்பார்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் நார்த்தங்காயும். வெங்காயம் கூடாது, தேங்காய்ச் சட்னி அறவே கூடாது. இரண்டும் வெயிலில் முதலில் கெடும். துவையல் வேண்டுமென்றால் பருப்பை வறுத்து, தண்ணீர் தெளிக்காத குறையாகக் கெட்டியாய் அரைத்தது.

காலைக்கு இட்லி. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, ஆறிய இட்லியின் இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையில் ஆளுக்கு மூன்றாக. இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். அதனால் முதலில் நடுத்தண்டைக் கத்தியால் இலைமட்டத்துக்குச் சீவ வேண்டும். பிறகு இலையின் பின்பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்து, நீலச் சுடரின்மேல் மெல்ல இழுக்க வேண்டும். வெளிர்பச்சை கரும்பச்சையாக மாறிக்கொண்டே வரும். ஒரு மினுக்கம் ஏறும். விறைப்பு போய்த் துணியாகத் துவளும். ஒரு நொடி தாமதித்தால் பொசுங்கிவிடும். இப்படி வாட்டிய இலையில் வைத்த இட்லி நான்கு மணி நேரம் கழித்தும் ஓரம் காய்வதில்லை. இலையின் மணமும் இட்லியில் இறங்கியிருக்கும். முன்பெல்லாம் இதன்மேல் செய்தித்தாளைச் சுற்றி நூல் போடுவோம். அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொன்னபிறகு இலைக்குமேல் இன்னொரு இலை, நனைத்த வாழைநாரால் ஒரு கட்டு. நல்ல மாற்றம் அது. தின்றபின் அந்த இலையை மாட்டுக்குப் போடலாம்.

வழிச்சோற்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் பெரியபுராணத்தில் வரும் இரண்டு இடங்கள் எனக்கு ஞாபகம் வரும். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போகிற திருநாவுக்கரசர் பசியிலும் தாகத்திலும் களைத்துப் போகிறார். வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வேடத்தில் பொதிசோற்றோடு காத்திருக்கிறார் சிவபெருமான். அவருக்குச் சோறு கொடுத்து, தண்ணீர் காட்டி, கூடவே நடந்து வந்து, கோயில் நெருங்கியதும் மறைகிறார். திருக்குருகாவூருக்குப் போகிற சுந்தரருக்கும் அதேபோலப் பந்தலிட்டுக் கட்டமுதும் தண்ணீரும் கொடுத்தார் என்பது மற்றொரு கதை. இரண்டு ஊரிலும் சித்திரையில் இதை விழாவாக இன்றும் கொண்டாடுகிறார்கள். கடவுள் நினைத்தால் பசியையே இல்லாமல் ஆக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எந்த இடத்தில் நடை தளரும் என்று கணித்து, அங்கே சோற்றுப் பொதியோடு முன்கூட்டியே போய் நிற்கிறார். சேக்கிழாரின் சிவன் அந்த இரண்டு இடத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் செய்கிற வேலையைச் செய்கிறார். பக்திக்கு இதில் குறைவு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அடியார்மேல் இறைவன் வைத்த அன்பைக் காட்டச் சோற்றுப்பொதியைவிடப் பொருத்தமான ஒன்று நம் மரபுக்குத் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னங்களோடு ஆற்றங்கரைக்குப் போவதும், காணும் பொங்கலுக்குப் பானையோடு கடற்கரைக்குப் போவதும், மாசமான பெண்ணுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய்த் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும் இந்த மரபுதான். கேளிக்கைப் பூங்கா அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்த இடம்.

இனி நொறுக்குத்தீனி. இதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. சாத்தூர் காரச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2019இல் பால்கோவாவுக்கும் 2020இல் கடலைமிட்டாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பால்கோவா வண்டியில் ஏறாது. பாலில் செய்தது மே வெயிலில் வேனுக்குள் அரைநாள் தாங்காது, தாங்கினாலும் மலைப்பாதையில் குமட்டும். கடலைமிட்டாய் தாங்கும், வெல்லப்பாகு இறுகியதால் ஈரமில்லை. முறுக்கும் தட்டையும் வீட்டிலேயே சுடுவது. பொரிவிளங்காய் உருண்டையை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்கிறார்கள். உண்மையில்லை. பாசிப்பருப்பையும் அரிசியையும் வறுத்துத் திரித்து, சுக்கும் தேங்காய்ப் பல்லும் போட்டு, வெல்லப்பாகில் பிடித்த அந்த உருண்டையைக் கடித்துத் தின்ன அரைமணி ஆகும். நெடுவழியில் வேறு எதில் அரைமணி நேரம் ஒரு பிள்ளையின் வாயை அடைக்க முடியும்?

மொறுமொறுப்பு என்பது ஈரத்தோடு நடக்கும் ஓயாத சண்டை. முறுக்கு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும். பெட்டிக்கடையில் தொங்குகிற சிப்ஸ் பொட்டலம் ஊதிப்போய் இருப்பதற்குக் காரணம் உள்ளே அடைத்த நைட்ரஜன். அது எண்ணெயைக் கெடவிடாது, வறுவலையும் நொறுங்கவிடாது. இறுக மூடிய எவர்சில்வர் டின்னும் அதே இரண்டு வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. வித்தியாசம், டின் திரும்ப வீட்டுக்கு வருகிறது. பொட்டலத் தாள் சாலையோரத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிகளுக்குத் தடை வந்தது. தொப்பூர்க் கணவாயில் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் நாம் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்று தெரியும். எனக்கு அது வேதனையாக இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் சந்தோஷமான ஒரு நாள் அந்தச் சரிவில் குப்பையாகக் கிடக்கிறது.

டின்களை அடுக்குவதில் முறை உண்டு. முதலில் வேண்டியது மேலே, கடைசியில் வேண்டியது அடியில் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் மதினி அடுக்குவது ஆளைப் பார்த்து. முன்சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பை தனியாக இருக்கும். இஞ்சி மரப்பா, புளிமிட்டாய், மோந்து பார்க்க எலுமிச்சம்பழம், சில காகிதப் பைகள். ஓட்டம் பார்க்கிற கண் ஒன்று சொல்ல, உள்காது வேறொன்று சொல்ல, மூளை தடுமாறுவதால் வருவது பயணக் குமட்டல். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே சேலம் தாண்டி ஓமலூர் வந்ததும் தீனி விநியோகம் நிற்கும். “தொப்பூர் ஏறி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் எதுவும் கிடையாது. எல்லாரும் ரோட்டப் பாருங்க.” பிள்ளைகள் முனகுவார்கள். மதினி அசையமாட்டாள். கடலைமிட்டாய் டின் ஓடுகிற வண்டியில் சின்னதுகளின் கைக்கு எட்டாது. குலுங்கும்போது முழுக்கடலை தொண்டைக்குள் போனால் என்னாவது? மாமாவின் சட்டைப்பையில் மட்டும் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கும், சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டால் வாயில் போட. இனிப்பே தொடக்கூடாத மனிதரின் பையில் அதை வைக்கிறவளின் அறிவை நான் வியக்கிறேன்.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? இது இப்போது பெரிய கேள்வியாகிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் நட்ட மரங்களையும் கட்டிய சத்திரங்களையும் பற்றி எங்கள் பக்கத்தில் இன்னும் பேசுவார்கள். அவர் பெயரில் ஒரு சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. சாலைக்கு அகலமும் வேகமும் வேண்டும் என்றபோது புளியமரங்கள் போயின. நான்குவழிச்சாலையில் நிழல் இல்லை. நிழல் இல்லாத சாலையில் கட்டுச்சோற்றுக்கு இடமில்லை. காசு கொடுத்து உட்காரும் இடம்தான் மிஞ்சும். சாலை போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. நான்கு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் காவிரியைப் பார்ப்பது அந்தச் சாலையால்தான். ஆனால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தோப்பும் ஒரு குழாயும் இரண்டு கழிப்பறையும் இருந்தால் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் நிம்மதியாக இலையைப் பிரிக்கும்!

எங்களுக்கு இரண்டு இடம் கைவசம் இருக்கிறது. ஒன்று பரமத்தி வேலூர். பாலம் தாண்டி உள்ளே திரும்பினால் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், அப்பால் காவிரி. மே மாதத்தில் மணல்தான் பெரும்பாலும் தெரியும். மேட்டூர் திறக்கிற ஜூன் 12 இன்னும் வந்திருக்காது. ஓடுகிற சிறு தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்போம். இன்னொன்று கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பு. காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு போர்வையை விரித்தால் ஒன்றும் சொல்லமாட்டார். காய்ப்புக் காலம். சாலையோரத்தில் குவித்து விற்கிற பழத்தை வாங்கிக் கழுவி, தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஈடு உண்டா? காவல்காரருக்கும் ஓட்டுநருக்கும் முதல் இலை. ஓட்டுநருக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் குறைவாக, மோர் அதிகமாக. வயிறு நிறைந்தால் கண் சொக்கும். இதையும் மதினிதான் பார்த்துக்கொள்கிறாள்.

பூங்காவின் வாசலில் இந்த உலகம் முடிந்துவிடும். இம்மாதிரி இடங்களில் பொதுவாக வெளியுணவுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தைக்கு உண்டானதும் மருந்தும் மட்டும் விதிவிலக்கு. பைகளைப் பார்த்து அனுப்புவார்கள். பூங்காவின் சுத்தம், வியாபாரம் இரண்டுக்கும் அந்த விதி தேவைப்படுகிறது. வீட்டுச் சோறு வண்டியிலேயே தங்கிவிடும். உள்ளே போனதும் குடும்பம் வகுப்பு வகுப்பாகப் பிரியும். பெரிய ராட்டினத்துக்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பார்கள்; அளவுகோலுக்குக் கீழே நிற்கிற பிள்ளையின் முகம் வாடும். இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் என்று எழுதிய பலகைக்கு முன்னால் பெரியவர்கள் பாதிப்பேர் ஒதுங்கிவிடுவார்கள். ஆச்சி ஒரு நிழலில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் கைப்பையையும் பார்த்துக்கொள்வாள். பாதுகாப்புக்காக வைத்த விதிகள், சரியானவையும்கூட. ஆனாலும் அந்தப் பகல் முழுக்க நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த ஒரு நிமிடம் கிடையாது. ஆறு மாதக் கைக்குழந்தையும் எண்பது வயது ஆச்சியும் ஒரே நேரத்தில் பங்கெடுத்த நிகழ்ச்சி காவிரிக்கரையில் பிரித்த அந்த இலை ஒன்றுதான். பயணத்தின் மையம் எது என்று என்னைக் கேட்டால் நான் வேலூரைச் சொல்வேன்.

வேலூரில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்பதை விட்டுவிட்டு இதைப் பெருமையாகப் பேசிவிட முடியாது. முந்தின நாள் மாலை புளி கரைத்தவள், இரவு பதினொன்றுக்கு டின் அடுக்கியவள், இரண்டு மணிக்கு எழுந்து உலை வைத்தவள், வண்டி ஏறியதும் ஓமலூர் வரை கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தவள், கரையில் இலை பிரித்தவள் எல்லாம் ஒருத்தியே. மற்றவர்களுக்கு விடுமுறை வண்டி ஏறும்போது தொடங்கும். அவளுக்கு எப்போது தொடங்குகிறது? டயரில் காற்றுப் பார்த்ததும், ஃபாஸ்டேக்கில் பணம் போட்டதும், கர்நாடகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு எடுத்ததும் வேலையாகக் கணக்கில் வருகிறது. அதைப் பற்றி வண்டியில் பேச்சும் நடக்கிறது. பால் அளந்தது பேச்சில் வருவதில்லை. இது அன்பினால் செய்வது, அதைப் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று சொல்பவர்கள் உண்டு. அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அன்பை ஒருத்தி தலையில் மட்டும் கட்டிவிட்டு மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இது வெறும் கைவேலையாக இருந்தால் கடையில் வாங்கிவிட்டுப் போகலாம். இது ஒவ்வொரு ஆளையும் பற்றிய அறிவு. வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்கிற அறிவு அவரோடு போய்விடும். பெரியம்மா போனபோது, அவள் செய்யும் சீடை வெடிக்காமல் இருந்த சூட்சுமமும் சேர்ந்து போனது.

அதனால் இப்போது கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பயணத்துக்கு முந்தின இரவு பையன்கள் அடுக்களையில் இருக்க வேண்டும். தண்டு சீவுவது ஒருவன், இலை வாட்டுவது ஒருவன், சோறு விசிறுவது ஒருவன். ஆரம்பத்தில் இலைகள் நிறையப் பொசுங்கின. மதினிக்குப் பொறுமை போகும். “நானே செஞ்சிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்” என்பாள். முடிந்திருக்கும்தான். இருந்தாலும் கைகட்டி நின்றுகொண்டு, வாயால் மட்டும் சொல்லிக் கொடுக்கப் பழகிவிட்டாள்.

திரும்பும் வழிக்கு ஒரு டின் உண்டு என்பதையும் அவர்களுக்கு அவள்தான் சொன்னாள். போகிற வழிக்கு எல்லோரும் யோசிப்பார்கள், வருகிற வழியை மறந்துவிடுவார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எடுக்கும் பசி சாதாரணப் பசி அல்ல. முந்தின இரவு விடுதியில் தங்கி, அன்று காலையில் பிடதியின் தட்டு இட்லியைத் தின்றுவிட்டு உள்ளே போயிருப்பார்கள். நடுவில் தின்றதெல்லாம் ஓட்டத்தில் கரைந்திருக்கும். வண்டி நிறுத்தத்தில் ஈரத் தலையோடு வந்து நிற்கும்போது வாசல் பக்கம் கடைகளில் நெருக்கும் கூட்டம். அப்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து வரும் டின்னில் பாலில் பிசைந்து சுட்ட சப்பாத்தி, ஆளுக்கு இரண்டு, தக்காளித்தொக்கைத் தடவிச் சுருட்டியது. தொக்கைச் சுண்டக் காய்ச்சியிருப்பதால் அது நாள் கடந்தும் நிற்கும். சப்பாத்தியை விடுதி அறையில் குளிர்பெட்டி இருந்தால் அதில் வைத்து எடுத்திருப்போம், இல்லையென்றால் அன்று காலையில் பிடதியிலேயே வாங்கியது. அந்த டின்னைப் போகிற வழியில் யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. ஆச்சி கேட்டாலும்.

போன மாதம் அண்ணன் மகன் கல்லூரி விடுதியிலிருந்து போன் செய்தான். நண்பர்களோடு கிளம்புகிறானாம், அதே பிடதிக்கு, வாடகைக் காரில். ஒரு நண்பன் வீட்டு அடுப்பில் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

“அத்தை, எண்ணெய் பிரிஞ்சிருச்சு. இறக்கிரவா?”

“ஓரத்துல நுரை நின்னுருச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப கொஞ்சம் பொறு.”

கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவனே கேட்டான். “எங்க கூட வர்றவன் ஒருத்தனுக்கு நிலக்கடலை சேராது அத்தை. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்கும். தாளிக்கிறதுல அதை விட்டுட்டாப் போதுமா?”

போதாது என்றேன். கடலையெண்ணெய் கூடாது, நல்லெண்ணெய் மட்டும். கடலை வறுத்த சட்டியிலும் கரண்டியிலும் இதைக் கிளறக் கூடாது. கடலைமிட்டாய் எடுத்துப்போவதாக இருந்தால் இந்தமுறை வேண்டாம், ஒரே காருக்குள் கை மாறும். டாக்டர் அவனுக்கு மருந்து ஏதும் எழுதிக் கொடுத்திருந்தால் அது பின்னால் பெட்டியில் இருக்கக் கூடாது, அவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

“அது அவன் பைலதான் இருக்கு, நான் கேட்டுட்டேன்” என்றான்.